மோந்து காத்த விரதம்

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய் முடியும் என்று உலகம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

மடத்தை நடத்தும் சாமியின் அறைக்கு வெளியே, கிணற்றுக்கும் துவைகல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். 'சாமி, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்' என்று ஆரம்பித்தால் கொலை செய்தவள் மாதிரி இருக்கும். 'ஒன்றுமில்லை சாமி' என்று ஆரம்பித்தால், ஒன்றுமில்லாததற்கு எதற்கு வந்தாய் என்று கேட்பார். நேராகக் 'கருவாடு' என்று ஆரம்பித்தால், இந்த மடத்தில் அந்தச் சொல்லைச் சொன்ன வாயைக் கழுவ ஒரு குடம் தண்ணீர் வேண்டும்.

அவள் வாய்விட்டுச் சொல்லி எதுவும் சரியாக நடந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு முன்னுக்குப் பின் புரளும். ஒருமுறை பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். எங்கே வலி, எப்போதிருந்து வலி என்று டாக்டர் கேட்கக் கேட்கப் பதறிப்போய், கடைசியில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தோடு திரும்பி வந்தாள். பல் தானாக விழுந்தது. மருந்தை வீணாக்கக் கூடாதென்று ஒரு வாரம் கண்ணில் விட்டுக்கொண்டாள்.

இப்போது விஷயம் பல் இல்லை. சொல்லாவிட்டால் கோமதிநாயகம் அண்ணாச்சி பட்டினியில் விழுந்துவிடுவார். சொன்னால் அவள் மூட்டையைக் கட்ட வேண்டியிருக்கும்.

நடந்தது இதுதான்.

உலகம்மாளின் புருஷன் போன வருஷம் காலமானார். பிள்ளை குட்டி இல்லை. தம்பி வீட்டில் போய் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குளத்திலிருந்து உயிரோடு ஒரு விரால் கொண்டுவந்து போட்டான். அவள் சாம்பலைத் தொட்டு மீனைப் பிடித்து, தலையைக் கல்லில் அடிக்கக் கையை ஓங்கினாள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் புருஷனும் கடைசி மூன்று நாள் அப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடினார். என்ன கேட்டார் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மீனைக் கொண்டுபோய்க் கிணற்றில் விட்டுவிட்டாள்.

தம்பி பொண்டாட்டி செல்லக்கனி அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கிணற்றுக்குள் இருந்த மீனே பயந்திருக்கும்.

மறு மாசம் உலகம்மாள் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தாள். பன்னிரண்டு பேர் இருக்கும் சின்ன மடம் அது. மத்தியானம் யார் பசித்து வந்தாலும் சோறு போடுவார்கள். சாமிக்கு வயது முப்பத்து நாலு. தன்னைவிட மூத்தவர்களை அக்கா, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவளைக் கண்டதும் சொன்னார்:

"அக்கா, இங்கே ஒரே சட்டம்தான். பால் கன்றுக்கு. தேன் ஈக்கு. முட்டை கோழிக்கு. மீன் குளத்துக்கு."

"அப்போ நமக்கு, சாமி?"

"தோட்டம்."

நாற்பத்தெட்டு நாள் அப்படி இருந்துவிட்டால் அடுப்படி அகப்பையைக் கையில் கொடுப்பார். அகப்பை வாங்கினவர்களுக்குக் காலம் முழுக்க மடத்தில் இடம் உண்டு. முடியாதவர்களுக்கு ஒரு கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, நல்லபடியாக பஸ் ஏற்றிவிடுவார்.

மீனை விடுவது உலகம்மாளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வாயை நினைத்தால் மீன் இறங்காது. ஆனால் மீனையும் முட்டையையும் தயிரையும் விட்டால், வேறு எதையும் அவள் தொட்டதே கிடையாது. பெரிய கஷ்டம் அதுதான்.

கத்தரிக்காய் தொண்டையில் அரிக்கும். வெண்டைக்காய் வழவழக்கும். பூசணி இனிக்கும், சோற்றோடு இனிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது? புடலங்காய் பாம்பு மாதிரி இருக்கும். பாகற்காயைப் பற்றிப் பேசவே வேண்டாம். கீரை மாடு தின்கிறது. உருளைக்கிழங்கு ஒன்றுதான் மனுஷர் தின்கிற பண்டம், அதை மடத்தில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் போடுவார்கள்.

முதல் வாரம் வெறும் சோற்றையும் ஊறுகாயையும் வைத்து ஓட்டினாள். பொரியலையும் கூட்டையும் கீரையையும் இலையின் மேல்பாதியில் தள்ளிவைத்து, யாரும் பார்ப்பதற்குள் இலையை மடித்துவிடுவாள். பந்தியில் முதல் இலை அவளுடையதாகத்தான் மடங்கும். அடுப்படியைப் பார்க்கும் பூமயிலுக்கு அதைப் பார்த்து மனசு நிறைந்துபோகும்.

"உலகம்மாதான் என் சமையலை ரசிச்சுச் சாப்பிடுறா. பாரு, கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள இலையை மடிச்சிட்டா!"

மடித்த இலை தொழுவத்துக்குப் போகும். மடத்தில் கிழட்டு மாடுகள் இரண்டு இருந்தன. இருபது நாளில் அதில் ஒன்று கொழுத்துவிட்டது. உலகம்மாளின் ரவிக்கை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது.

ஒருநாள் சாமி தொழுவத்தில் நின்று மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"அக்கா, இந்த மாட்டுக்கு உங்க மேல ரொம்பப் பிரியம்."

அவள் குடத்தைக் கீழே இறக்கினாள். "சாமி, கீரை இறங்க மாட்டேங்குது."

"என்ன ருசி அது?"

"மாட்டுத் தீவனம் ருசி, சாமி."

"மாட்டுத் தீவனம் தின்னு பார்த்திருக்கீங்களா?"

"ஐயோ, இல்ல சாமி."

"கீரை?"

அவள் யோசித்தாள். ஐம்பத்தொரு வயதில் கீரை எப்போது தின்றோம் என்று நினைவுக்கு வரவில்லை. சாமி மாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இருபத்தாறாம் நாள் செல்லக்கனி வந்தாள். உலகம்மாளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"என்ன மதினி, தேஞ்ச தொடப்பம் மாதிரி ஆயிட்டிய?"

"விரதம்ல்லா."

"எத்தன நாளைக்கு இந்தக் கூத்து? உங்க நாக்கு எனக்குத் தெரியாதா? எங்க கல்யாணத்துப் பந்தியில ஏழு கூட்டு வச்சும், 'ஒரு முட்டை இருக்கா'ன்னு கேட்ட ஆளு நீங்க."

"அது அப்போ."

"நாப்பத்தெட்டு நாள் தாங்கிட்டியன்னா நான் மொட்ட போட்டுக்கிடுதேன். வாங்க பேசாம. அங்க ஒரு வேலையும் ஓடல. உங்க தம்பி உங்க கையால வச்ச குழம்பு இல்லாம மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காக."

உலகம்மாள் வரவில்லை என்றாள். செல்லக்கனி மூக்கை உறிஞ்சினாள். கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. போகும்போது ஒரு பொட்டலத்தை அவள் மடியில் திணித்தாள்.

"சந்தையில வாங்குனது. நல்லாக் காஞ்ச நெத்திலிக் கருவாடு. வேண்டாம்னா தூரப் போடுங்க. ஆனா போட மாட்டிய."

உலகம்மாள் தூரப் போடத்தான் நினைத்தாள். வாசல் வரைக்கும் போனாள். நாய் தூக்கிக்கொண்டு மடத்துக்குள் வந்துவிட்டால்? கிணற்றுப் பக்கம் போனாள். அங்கே பூமயில் குளித்துக்கொண்டிருந்தாள். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிரங்குப் பெட்டியில், சேலைக்கு அடியில் வைத்தாள். இது எப்பவோ செத்தது, இதற்கும் அந்த விராலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக இரண்டு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பந்தியில் முருங்கைக்கீரை. வெறும் வயிறு காந்தியது. அவள் எழுந்து அறைக்குப் போய், பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். தின்பதற்காக இல்லை, சத்தியமாக. குனிந்து மடியை ஒருமுறை மோந்தாள். வாயில் தண்ணீர் ஊறியது. அந்த வேகத்தில் ஒரு கவளம் கீரைச் சோற்றை உள்ளே தள்ளினாள்.

இறங்கியது.

இன்னொரு தரம் மோந்தாள். இன்னொரு கவளம். மோப்பம் ஒன்று, கவளம் ஒன்று என்று இலையையே வழித்துவிட்டாள். கத்தரிக்காயா, பூசணியா, அவளுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாம் நெத்திலியாகத்தான் இருந்தது.

தின்னக் கூடாது என்றுதானே விரதம்? மோக்கக் கூடாது என்று சாமி சொல்லவில்லையே?

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப்போனது. பந்தியில் கடைசி ஆளாக, ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். பொட்டலம் மடியில் இருக்கும். அவள் உடம்பு தேறியது. கொழுத்த மாடு மெலிய ஆரம்பித்தது.

அவள் யோசிக்காதது காற்றை. அது ஆனி மாசம். சாரல் காற்று அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் நுழைந்து, அவள் மடியைத் தடவிக்கொண்டு, பந்தி முழுக்க நடந்து, எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பும்.

மடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் மீன் தின்று வளர்ந்தவர்கள். கீரைச் சோற்றை வாயில் வைக்கும்போது நெத்திலி வாடை வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? மடத்துக்குள் கருவாடு வந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தன் மனசில்தான் ஏதோ கெட்டுக் கிடக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பக்கத்து இலைக்காரரிடம் கேட்கவும் முடியாது. 'எனக்கு வரலையே, உனக்கு மட்டும் எப்படி வருது?' என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டால் அப்புறம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

முதலில் பூமயில்தான் வாயைத் திறந்தாள். அடுப்படியில் உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு குசுகுசுத்தாள்.

"உலகம்மா, யார்கிட்டயும் சொல்லாத. அஞ்சாறு நாளா எனக்குக் கருவாட்டு மணம் அடிக்குது."

உலகம்மாள் கையை உருவிக்கொண்டாள். "எங்கேயிருந்து?"

"எனக்குள்ளேயிருந்துதான். பதினோரு வருஷம் ஆச்சு விட்டு. ஆசை எங்கேயோ ஒளிஞ்சு கிடந்திருக்கு, பாவி மக்கா. சாமிகிட்ட சொல்லி அழுதேன்."

"சாமி என்ன சொன்னாரு?"

"'வாடை நல்லா இருக்கா'ன்னு கேட்டாரு. நல்லாத்தான் இருக்கு, அதான் அழுகையா வருதுன்னேன். போய் அடுப்பைப் பாருங்கன்னுட்டாரு."

அதற்கு மறுநாள் சாப்பாட்டு நடுவில் சாமியே எழுந்து வந்து உலகம்மாளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைச் சாத்தினார். சாரல் அடிக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் அவளே திறந்துவைத்தாள். புழுக்கமாக இருந்தது.

முப்பத்துநாலாம் நாள் கோமதிநாயகம் அண்ணாச்சி சாப்பிடுவதை நிறுத்தினார்.

கோமதிநாயகம்தான் மடத்தில் மூத்தவர். அறுபத்தாறு வயது. மடத்துச் சட்டத்தைச் சாமி மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். டீயில் பால் விழுந்ததா என்று கடைக்காரன் கரண்டியை வாங்கிப் பார்ப்பவர். அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"முப்பது வருஷம் காத்த மனசு கெட்டுப்போச்சு. அது சுத்தமாகிற வரைக்கும் இந்த வயித்துக்குச் சோறு கிடையாது."

"அண்ணாச்சி, சாப்பிடுங்க" என்றார் சாமி.

"நீங்க சின்னப் பிள்ளை சாமி. உங்களுக்குத் தெரியாது."

மூன்று நாள் இளநீர் மட்டும் குடித்தார். மூன்றாம் நாள் எழுந்திருக்கும்போது தள்ளாடினார். உலகம்மாள் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "தாயி, நீ பக்கத்துல வந்தா வாடை இன்னும் கூடுது. மனசு எவ்வளவு கெட்டிருக்கு பாரு" என்றார்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மோந்து பார்த்தும் இறங்கவில்லை.

முப்பத்தேழாம் நாள் காலையில்தான் அவள் கிணற்றடியில் நின்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

சாமி முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க அக்கா. உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சட்டென்று எழுந்து போக முடியாது.

"சாமி, அண்ணாச்சி பட்டினி கிடக்கதுக்கு நான்தான் கருவாடு."

சாமியின் விரல் நின்றது. "நீங்க கருவாடா?"

"இல்ல சாமி. கருவாடு என்கிட்ட இருக்கு. தின்னல. சத்தியமா தின்னல. மூக்கால..."

"மூக்கால தின்னீங்களா?"

"மூக்கால தின்னா அது தின்னதா சாமி? அதைத்தான் கேக்க வந்தேன். இல்ல, கேக்க வரல, சொல்ல வந்தேன். கீரை இறங்கல. மோந்தா இறங்குச்சு. இறங்குனா நல்லதுதானேன்னு... காத்து அப்படி வீசும்னு எனக்குத் தெரியாது சாமி."

மூன்று விதத்தில் எந்த விதமாகவும் அது வரவில்லை. ஆனால் சாமி எல்லாம் புரிந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

"இந்த வாசல்ல இதுவரைக்கும் ஏழு பேர் வந்து நின்னாங்க. ஏழு பேரும் மனசுல மீன் வச்சிருக்கோம்னு அழுதாங்க. மடியில வச்சிருக்கேன்னு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"உங்களுக்கு வாடை வரலையா சாமி?"

"வந்துச்சு. அஞ்சாறு நாள் நானும் என் மனசுன்னுதான் பயந்தேன். அப்புறம் ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். நின்னுபோச்சு."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

"ஜன்னல்னு தெரிஞ்சுது. யாருன்னு கேக்கப் பிடிக்கல. அண்ணாச்சிகிட்ட ஜன்னலைப் பத்திச் சொன்னேன். சின்னப் பிள்ளைன்னுட்டார்."

உலகம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நான் மூட்டையைக் கட்டட்டுமா சாமி?"

"சாப்பாட்டு மணி அடிக்கப் போகுது. பொட்டலத்தை எடுத்துக்கிட்டு பந்திக்கு வாங்க."

பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகம் இலை போடாமல் தூணில் சாய்ந்திருந்தார். சாமி ஒரு முக்காலியை நடுவில் இழுத்துப் போட்டார். உலகம்மாளின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி, அதன்மேல் வைத்துப் பிரித்தார்.

பன்னிரண்டு மூக்கும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

பூமயில் சாம்பார் வாளியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அட பாவி! நெசம்தானா இது!"

"நெத்திலி" என்றார் ஒருவர், தெரியாத்தனமாக. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

கோமதிநாயகம் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முக்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"இது யாருடையது?"

"மீனுடையது" என்றார் சாமி.

வெயிலில் காய்ந்து வளைந்த அந்தச் சின்னச் சின்ன உடம்புகளை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் இருந்தது. உலகம்மாள் பத்து நாள் அதை மோந்திருக்கிறாள், ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

"அது சரி சாமி" என்றார் கோமதிநாயகம். "மடத்துக்குள்ள கொண்டுவந்தது யாரு? அதைச் சொல்லுங்க."

சாமி சொல்லவில்லை. உலகம்மாள் பக்கம் திரும்பவும் இல்லை. பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது என்று அவளுக்குப் புரிந்தது. பொட்டலத்தைச் சாமியின் கையில் கொடுத்ததை யார் கவனித்தார்கள்? எல்லாரும் முக்காலியைத்தானே பார்த்தார்கள்.

"என்னுது, அண்ணாச்சி."

கோமதிநாயகம் அவளைப் பார்த்தார்.

"மூணு நாள் பட்டினி கிடந்தேனே, தாயி!"

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. தின்னல. மோந்துதான்..."

"மன்னிக்கிறது இருக்கட்டும்." அவர் முகம் மெல்ல மலர்ந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அப்போ என் மனசு சுத்தமாத்தான் இருந்திருக்கு! கேட்டியளா எல்லாரும்?"

"உங்க மூக்கு சுத்தமா இருந்துச்சு, அண்ணாச்சி" என்றார் சாமி. "மனசைப் பத்தி நாளைக்குப் பேசுவோம். முதல்ல இலையைப் போடுங்க."

அவர் இலையைப் போட்டார். மூன்று நாள் சோற்றை ஒரே பந்தியில் சாப்பிட உட்கார்ந்தவர் மாதிரி சாப்பிட்டார். மற்றவர்களும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். பூமயில் இரண்டு முறை உலை வைக்க வேண்டியிருந்தது. "இன்னைக்கு மட்டும் என்ன வந்துது உங்களுக்கெல்லாம்?" என்று அவள் கேட்டபோது ஒருவரும் முக்காலிப் பக்கம் பார்க்கவில்லை.

சாமி பொட்டலத்தை மடித்து உலகம்மாளிடம் கொடுத்தார். "புதைச்சிட்டு வாங்க."

தோட்டத்துக் கோடியில், நாய் தோண்ட முடியாதபடி முழங்கை ஆழத்துக்கு அவள் குழி வெட்டினாள். கடுதாசியைப் பிரித்து, உள்ளே இருந்ததை மட்டும் குழியில் இட்டாள். மண்ணைத் தள்ளினாள். போய்விடலாம் என்று எழுந்தவள், மறுபடியும் உட்கார்ந்து, மண்ணைக் கையால் கொஞ்சம் தட்டிவிட்டாள்.

கையை மூன்று முறை கழுவினாள். பந்திக்குத் திரும்பியபோது எல்லாரும் எழுந்துவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு இலை போட்டிருந்தது. அதில் கொஞ்சம் சோறு, நிறைய முருங்கைக்கீரை. எதிரில் சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பூமயில் அடுப்படி வாசலில் நின்றாள்.

உலகம்மாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மடி வெறுமையாக இருந்தது. ஜன்னலில் காற்று வந்தது. அதில் மழை வாடை மட்டும் இருந்தது. கீரை பச்சையாக, குவியலாக அவளைப் பார்த்தது.

"சாமி, விரதம் முறிஞ்சுபோச்சா? இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. எனக்கு அகப்பை கிடைக்குமா, கிடைக்காதா? கட்டுச்சோறுன்னா இப்பவே சொல்லிடுங்க. மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். ஆனா போனா செல்லக்கனி சிரிப்பா. அவ சிரிச்சாலும் பரவாயில்ல. மறுபடியும் அந்தக் கிணத்தடியில உக்காந்து மீனைக் கல்லுல உரசிக் கழுவச் சொல்லுவா. அது என்னால ஆகாது சாமி. நான் ஒண்ணும் தின்னலையே?"

"மீனைத் தின்னல அக்கா. அதை நான் ஒத்துக்கிறேன்."

"அப்போ முப்பத்தேழு நாள் கணக்குதானே?"

"அது மீனைத் தின்னாத கணக்கு. அதுக்கு நாப்பத்தெட்டு எதுக்கு? குளத்தங்கரையில கிடக்கிற கல்லு கூட நூறு வருஷமா மீனைத் தின்னல."

"வேற என்ன கணக்கு சாமி?"

சாமி இலையைப் பார்த்தார்.

"கீரை தின்ன முதல் நாள் எதுன்னு சொல்லுங்க. அன்னையிலேருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிடுவோம்."

உலகம்மாள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். மோந்து மோந்து தின்ற முதல் நாளைச் சொன்னால், அன்றைக்குத் தின்றது நெத்திலி வாடையைத்தானே என்பார். நாளைக்கு என்று சொன்னால், அப்படியென்றால் இன்றைக்கு எதற்கு இலை போட்டது என்பார். இன்றைக்கு என்று சொன்னால், இன்னும் தின்னவில்லையே என்பார். எதைச் சொன்னாலும் தப்பாகப் போகும். அவள் சொல்லி என்றைக்குச் சரியாகப் போயிருக்கிறது?

சாமி காத்திருந்தார்.

பதில் சொல்லாமல் தப்பிக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. இலையில் இருந்த கீரையை ஐந்து விரலாலும் அள்ளி, பேச இடமில்லாதபடி வாய் நிறையத் திணித்துக்கொண்டாள்.